மறு: 'கேரியர்' என்பதற்குத் தமிழ் – 'உள்ளுறை' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மாறிய மரபணுவைக் கொண்டிருந்தும் நோய் இல்லாதவரை ஆங்கிலத்தில் 'கேரியர்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று சென்ற வாரம் நான் கேட்டதற்கு 'கடத்தி', 'தாங்கி', 'காவி' என்று மூன்று சொற்கள் வந்தன. மூன்றையும் அரிவாள் செல் சோகை பற்றிய என் துண்டறிக்கை வரைவில் மாற்றி மாற்றிப் போட்டு, கூடலூர்ப் பக்கம் ஓர் ஊரில் வாசித்துக் காட்டிவிட்டு வந்தேன். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

புதிதாக வந்தவர்களுக்காகக் கேள்வியை மறுபடி சொல்கிறேன். பெரும்பாலான மரபணுக்கள் நமக்கு இரண்டு படிகளாக வருகின்றன, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. பரம்பரை ரத்த நோயான அரிவாள் செல் சோகை வர வேண்டுமானால் இரண்டு படியும் மாறியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் மாறியவர் பொதுவாக நலமாகவே இருப்பார். அவரை என்ன சொல்லி அழைப்பது?

'நீங்கள் இந்நோயின் கடத்தி' என்ற வரியில் ஒரு அம்மா என்னை நிறுத்தினார். கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு, நான்காக மடித்து மடித்து மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது. "அப்போ இது என்கிட்டேர்ந்து ஒட்டிக்குமா? பிள்ளைக்கு நான் சோறு ஊட்டலாமா?" என்று கேட்டார். ஒட்டாது, தாராளமாக ஊட்டலாம் என்று சொன்னேன். ஆனால் நான் எழுதிய சொல்தான் அவரை அப்படிக் கேட்க வைத்தது.

'கடத்தி' இயற்பியலில் மின்சாரத்துக்குப் போய்விட்டது. தெருவில் கடத்தல் என்றால் குற்றம். 'நோய்தாங்கி' என்றால் நோயாளி என்றே காதில் விழுகிறது. இலங்கை நண்பர் தந்த 'காவி' நல்ல வேர் உள்ள சொல். காவுதல் என்றால் சுமத்தல், காவடி வந்ததும் அங்கிருந்துதான். ஆனால் தமிழ்நாட்டில் அது நிறமாகிவிட்டது. அப்புறம், கொசுவையும் நோய்க்காவி என்கிறோம். கொசுவுக்குச் சொன்ன பெயரை அந்த அம்மாவுக்கு வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்றிலும் உள்ள கோளாறு ஒன்றே. ஆளுக்குப் பெயர் வைக்கின்றன. நமக்குத் தேவை ஆளுக்கான பெயர் இல்லை, மரபணு இருக்கும் நிலைக்கான பெயர்.

என் முன்மொழிவு 'உள்ளுறை'. தொல்காப்பியத்தின் உள்ளுறை உவமம் நினைவிருக்கும். வெளியே தெரிவது பூவும் வண்டும், பொருள் உள்ளே தங்கியிருக்கும். பள்ளி இயற்பியலில் 'உள்ளுறை வெப்பம்' ஏற்கெனவே இருக்கிறது. வெப்பமானி காட்டாது, ஆனால் வெப்பம் இருக்கிறது. 'உங்களுக்கு அரிவாள் செல் மரபணு உள்ளுறையாக இருக்கிறது' என்று எழுதிப் பாருங்கள். யாரும் எதையும் கடத்தவில்லை.

> 'ஒடுங்குபண்பு' என்று பாடநூலில் இருக்கிறதே, அது போதாதா?

போதாது. ஓங்கு, ஒடுங்கு என்பவை இரண்டு பண்புகளுக்குள் எது வெளியே தெரிகிறது என்று சொல்பவை. ஒருவரிடம் அது ஒற்றைப் படியாக மறைந்து நிற்கிறது என்பதை அவை சொல்வதில்லை. மரபியலுக்கு வித்திட்ட மெண்டலின் பட்டாணியையே எடுத்துக்கொள்வோம். உருண்டை விதையையும் சுருங்கிய விதையையும் கலந்தபோது முதல் தலைமுறை முழுக்க உருண்டை. அடுத்த தலைமுறையில் 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். 3-க்கு 1 என்று அதோடு பலர் நிறுத்திக்கொள்கிறோம். மெண்டல் நிறுத்தவில்லை. அந்த உருண்டை விதைகளிலிருந்து 565 செடிகளை வளர்த்துப் பார்த்தார். 193 செடிகள் உருண்டை மட்டுமே தந்தன. 372 செடிகளில் உருண்டையோடு சுருக்கமும் வந்தது. பார்வைக்கு எல்லாமே ஒரே உருண்டைதான், ஆனால் மூன்றில் இரண்டில் சுருக்கம் உள்ளே இருந்திருக்கிறது. அந்த 372-க்குத்தான் பெயர் கேட்கிறேன்.

நோயுள்ள பிள்ளையின் நலமான அண்ணனுக்கும் தங்கைக்கும் இதே கணக்குதான். பெற்றோர் இருவரிடமும் மரபணு உள்ளுறையாக இருந்தால், நலமாக இருக்கும் பிள்ளை அதை உள்ளே கொண்டிருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு.

ஊரில் இதைப் புளியங்கொட்டையால் விளக்கினேன். தாயம் ஆடத் தேய்ப்போமே, அதே மாதிரி இரண்டு கொட்டையை ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தேய்த்துக்கொண்டேன். ஒன்று அப்பா, ஒன்று அம்மா. வெள்ளை என்றால் மாறிய படி. இரண்டும் வெள்ளை விழுந்தால் நோய், ஏறக்குறைய நாலு வீச்சுக்கு ஒன்று. ஒன்று கறுப்பு ஒன்று வெள்ளை என்றால் உள்ளுறை, அது பாதி வீச்சு. மூத்த பிள்ளைக்கு நோய் வந்துவிட்டதால் அடுத்த பிள்ளைக்கு வராது என்று ஒருவர் நம்பிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பிரசவமும் புது வீச்சு என்று காட்டியதும் கொட்டையை வாங்கித் தானே உருட்டிப் பார்த்தார், பத்துப் பன்னிரண்டு தடவை. அந்த ஊரில் யாரும் 'உள்ளுறை' என்பதற்கு விளக்கம் கேட்கவில்லை. "உள்ளுக்குள்ள இருக்கு, வெளிய வராது" என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

> உள்ளுறை என்றால் பின்னால் ஒருநாள் வெளிப்படும் என்று பயப்பட மாட்டார்களா? உள்ளுறை வெப்பம் வெளிவரும்தானே?

வந்ததிலேயே வலுவான மறுப்பு இது. இரண்டு நாள் யோசித்தேன். 'உள்ளுறை நோய்' என்று எழுதினால் நீங்கள் சொல்லும் பயம் வரும். அதனால் 'உள்ளுறை மரபணு' என்று மட்டுமே எழுத வேண்டும், அடுத்த வரியிலேயே 'இது பின்னால் நோயாக மாறாது' என்றும் சேர்க்க வேண்டும்.

> ரத்தப் பரிசோதனையில்தான் தெரிந்துவிடுகிறதே, பிறகு என்ன உள்ளுறை?

உண்மைதான். ஒற்றைப் படி உள்ளவரின் ரத்தத்தில் வழக்கமான ஹீமோகுளோபினும் இருக்கிறது, மாறியதும் இருக்கிறது. முதலில் செய்யும் கரைதிறன் சோதனை இவருக்கும் 'பாசிட்டிவ்' காட்டும், நோயாளிக்கும் 'பாசிட்டிவ்' காட்டும். இரண்டையும் பிரித்துச் சொல்ல, ஹீமோகுளோபின் வகைகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோபோரசிஸோ எச்பிஎல்சியோ வேண்டும். அந்த ஒற்றைச் சொல்லோடு வீட்டுக்குப் போகிறவருக்குத்தான் தமிழில் தெளிவான பெயர் தேவைப்படுகிறது. உவமத்தின் உள்ளுறையும் யாராலும் பார்க்க முடியாதது இல்லை, படிக்கத் தெரிந்தவருக்குத் தெரியும்.

நான் முதலில் 'ஒருவழிமரபு' என்று யோசித்திருந்தேன், தாய்வழி, தந்தைவழி மாதிரி. ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோயான ஹீமோபிலியாவில் அது உடைந்தது. ஆணுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்றுதான், அதுவும் தாய்வழி மட்டும். ஒருவழியாக வந்தே நோயாகிவிடுகிறது. 'உள்ளுறை' அங்கேயும் நிற்கிறது: தாயிடம் உள்ளுறை, மகனிடம் நோய்.

அவசரம் ஏன் என்று ஒருவர் கேட்டிருந்தார். இந்தியாவில் அரிவாள் செல் பண்பு முதலில் பதிவானது நீலகிரி மலைகளில்தான், 1952-இல். 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கம் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. முடிவுச் சீட்டைக் கையில் வாங்குகிறவர்களில் நோயாளிகளைவிட ஒற்றைப் படி மாறியவர்கள்தான் அதிகம்.

துண்டறிக்கையில் இப்போது இப்படி வைத்திருக்கிறேன்:

'உங்களுக்கு நோய் இல்லை. அரிவாள் செல் மரபணு ஒன்று உங்களிடம் உள்ளுறையாக இருக்கிறது. இது பின்னால் நோயாக மாறாது, தொட்டாலோ சேர்ந்து சாப்பிட்டாலோ ஒட்டாது. உங்கள் துணையிடமும் இது உள்ளுறையாக இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.'

வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். இலங்கை நண்பர்கள் இதை உங்கள் வகுப்பில் ஒருமுறை வாசித்துப் பார்த்து, எந்த இடத்தில் தடுக்குகிறது என்று எழுதுங்கள்.