"வேண்டாம்" என்று சொன்னால் ஆபத்தாகும் தெருவில் பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுப்பது?

கேள்வி:
வியாசர்பாடியில் மாலை வகுப்பு ஒன்றில் தன்னார்வலராகப் பாடம் எடுக்கிறேன். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம், குடியிருப்பு மாடிப்படியில் கூடும் அண்ணன்மார் சிலர் கஞ்சாவையும் வலி மாத்திரையையும் நீட்டுகிறார்கள். உறுதியாக மறுத்துவிடு என்றேன். "மறுத்தால் போலீசுக்குத் துப்புக் கொடுப்பவன் என்பார்கள் மிஸ், பிறகு அந்தப் படியில் எப்படி ஏறி இறங்குவேன்?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

மறுமொழி 1 (சமூகப்பணி மாணவர்):
அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் 35 நடுநிலைப் பள்ளிகளில் சோதிக்கப்பட்ட 'கீப்பிங் இட் ரியல்' என்ற போதைத் தடுப்புப் பாடத்திட்டம், பதின்பருவத்தினர் தாமாகவே கையாண்டுவந்த வழிகளை அவர்களிடமே கேட்டு உருவாக்கப்பட்டது. மறுத்தல், காரணம் சொல்லுதல், தவிர்த்தல், விலகிப் போதல் என அதில் நான்கு வழிகள் உண்டு. போதைக்கு எதிராக அங்கே 1980களில் நடந்த 'ஜஸ்ட் சே நோ' ('வேண்டாம்' என்று மட்டும் சொல்) பிரசாரம் முதலாவதை மட்டுமே பிடித்துக்கொண்டிருந்தது. நால்வர் பார்க்க மறுப்பது நீட்டுகிறவர்களுக்கு மானப் பிரச்சினையாகிவிடும் இடத்தில், மற்ற மூன்றையே நான் நம்புவேன்.

மறுமொழி 2:
நான் அதே பகுதியில் வளர்ந்தவன். எங்களைக் காப்பாற்றியது துணிச்சல் அன்று, சாக்கு. "ஊதினால் மூச்சு வாங்கும், கோச் ஆட்டத்தில் இறக்கமாட்டார்" என்றால், அதை யாரும் தம்மைப் பழிப்பதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அவன் ஆடுறவன், விடுடா" என்று மற்றவர்களை அடக்கிய அண்ணன்களும் உண்டு. பந்து ஆடாத நண்பன் ஒருவன், பாட்டிக்கு மருந்து வாங்கவேண்டும் என்று சொல்லியே ஓராண்டு நழுவினான். பாட்டி உண்மையிலேயே நோயாளி. எல்லோர் வீட்டுச் செய்தியும் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் பொய்ச் சாக்கு ஒரு வாரம்கூடத் தாங்காது.

மறுமொழி 3 (வழக்கறிஞர்):
"இந்தப் பொட்டலத்தைக் கொஞ்சம் வைத்திரு" என்று கேட்கத் தொடங்கினார்களா என்று விசாரியுங்கள். 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு சிறாருக்குப் போதைப்பொருள் கொடுப்பவரையும், 78ஆம் பிரிவு அதை விற்கவோ சுமக்கவோ சிறாரைப் பயன்படுத்துபவரையும் தண்டிக்கிறது. இரண்டிலும் 7 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. மாணவனைப் புகார் கொடுக்கச் சொல்லாதீர்கள். 1098 என்ற சிறார் உதவி எண்ணில் நீங்களே பேசுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அவர்கள் ஏழு மணிக்குமேல்தான் படியில் கூடுகிறார்களாம். என் வகுப்பு முடிவதும் ஏழேகாலுக்கு என்பது இப்போதுதான் உறைத்தது. திங்கள் முதல் ஆறரைக்கே முடித்துவிடுகிறேன்.