பொருள்: கொரிதோ தும்பாதோ – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில், நடந்ததைக் கதையாகப் பாடும் மெக்சிகோ நாட்டுப்பாட்டான கொரிதோவுக்கு ‘நடப்புச் சிந்து’ என்று முடிவானதில் மகிழ்ச்சி. மெக்சிகோப் புரட்சிக் காலத்தில் (1910–1920) போர்ச்செய்தி ஊர் ஊராகப் பாட்டாய்த்தான் போனது. நம் சந்தைகளில் விற்ற கொலைச்சிந்து செய்த அதே வேலை.

ஆனால் இன்றைய கொரிதோ தும்பாதோவை ‘போதைச் சிந்து’ என்று பட்டியலில் ஏற்றுவதை என்னால் ஒப்ப முடியவில்லை. மெக்சிகோவின் சொனோரா மாநிலத்துப் பாடகர் நத்தானியேல் கானோ போன்ற இளைஞர்கள் 2019 வாக்கில் பரப்பிய வகை இது. பழைய பாட்டு ஆண்டு, ஊர், ஆள் பெயர் சொல்லித் தொடங்கும். ‘இத்தோடு விடைபெறுகிறேன்’ என்று பாடகன் ஒதுங்கிக்கொள்வதோடு முடியும். புதியதில் இவை பெரும்பாலும் இல்லை. 12 நரம்புக் கிட்டார் முன்னே ஓட, தொலோலோச்சே என்ற பெரிய நரம்புக்கருவி அடியில் தாங்க, எடுத்த எடுப்பில் ‘நான்’ வந்துவிடுகிறது.

அந்த ‘நான்’ என்ன சொல்கிறான்? கீழிருந்து வந்தேன், பசி தெரியும். பாத்ரோன் (கூட்டத்தின் முதலாளி) நம்பி வேலை கொடுத்தார், அவருக்காக நின்றேன். இன்று வண்டியும் கைக்கடிகாரமும் வந்துவிட்டன. காசைப் பார்த்து வந்தவர்களையும் தெரியும். அன்று கூட நின்றவனை மறக்கவில்லை. போதைச் சரக்கு ஒரு வரியில் தலைகாட்டிப் போகும், பல பாட்டில் அதுவும் இல்லை. பாட்டை இழுத்துப் பிடித்திருப்பது செஞ்சோற்றுக் கடனுக்கும் மேலேறும் வேட்கைக்கும் நடக்கும் இழுபறி. பாத்ரோன் தூக்கிவிட்டவன் நாளை தானே பாத்ரோன் ஆக நினைத்தால் அந்தக் கடன் என்னாகும்? நல்ல பாட்டு இதற்கு விடை சொல்லாது, விசுவாசத்தையே திரும்பத் திரும்பச் சொல்லும். அத்தனை முறை சொல்லவேண்டியிருப்பதிலேயே அது ஆட்டம் காண்பது தெரிந்துவிடுகிறது.

2025 ஏப்ரலில் மெக்சிகோவின் தெஸ்கோகோ விழாவில், போதைக் கடத்தலைப் புகழும் பாட்டுகளுக்கான தடையைச் சொல்லிப் பாடகர் இவ்வகைப் பாட்டுகளைப் பாட மறுத்தபோது கூட்டம் மேடைமீதிருந்த கருவிகளை அடித்து நொறுக்கியது. தடைபோடும் அரசு உள்ளடக்கத்தை வைத்துப் பெயர் சூட்டட்டும். நாம் வடிவத்தைப் பார்க்கவேண்டும். நம் நொண்டிச் சிந்தில் திருடனே தன் கதையைச் சொல்கிறான் அல்லவா? அதை ஒட்டி ‘தன்கதைச் சிந்து’ என்பது என் முன்மொழிவு.

மறுமொழி:

ஐயா, காரணம் சரி, சொல்தான் இடிக்கிறது. ‘நான்’ என்று பாடுபவன் தன் கதையைப் பாடவேண்டும் என்பதில்லை. 1992இல் மெக்சிகோவின் குலியகான் நகரில் கொல்லப்பட்ட பாடகர் சலினோ சாஞ்செஸ் காசு வாங்கிக்கொண்டு பிறரைப் பற்றிக் கொரிதோ கட்டியவர். அந்த வழக்கம் இன்னும் இருக்கிறது. ‘தன்கதை’ என்று போட்டால் படிப்பவர் பாடகனையே கடத்தல்காரன் என்று எடுத்துக்கொள்வார். பாடகர்கள் சுட்டுக் கொல்லப்படும் நாட்டைப் பற்றி எழுதும்போது அந்த அவசரம் ஆகாது.

இலக்கணத்தில் தன்மை, படர்க்கை இருக்கின்றனவே. படர்க்கையில் நின்ற பாட்டு தன்மைக்கு வந்திருக்கிறது. ஆகவே ‘தன்மைச் சிந்து’. நொண்டியோடு ஒப்பிடுவதென்றால் ஒன்றைக் குறிப்பில் சேர்த்துவிடுங்கள்: திருட்டுக்குத் தண்டனையாகக் கால் இழந்த நொண்டி கடைசியில் மனம் திருந்தி இறையருளால் கால் பெறுவான். இவன் திருந்துவதில்லை.

மறுமொழி:

அம்மா, ‘தன்மை’ என்றால் இயல்பு என்றும் ஆகுமே என்று தயங்கினேன். சிந்தோடு சேர்த்துச் சொல்லிப் பார்த்தபோது அந்தக் குழப்பம் வரவில்லை, அப்படியே ஏற்கிறேன். பட்டியலைப் பராமரிப்பவருக்கு ஒரு வேண்டுகோள்: விளக்கத்தில் ‘பேராசை’ என்றிருப்பதை ‘உயர்வேட்கை’ என்று மாற்றுங்கள். பாடுபவனும் கேட்பவனும் அதைப் பெருமையாகத்தான் பாடுகிறார்கள். நம் பட்டியல் அதற்குள் பழியை நுழைக்கவேண்டாம்.