புதுப்பிப்பு: மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் வந்த கை வீக்கம்

அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்து, கதிர்வீச்சும் முடிந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு இடது கை ஏன் வீங்குகிறது என்று மூன்று மாதங்களுக்கு முன் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

அது நிணநீர் வீக்கம்தான்; அதாவது, கணுக்களை எடுத்ததாலும் கதிர்வீச்சாலும் சரியாக வடிய முடியாத நிணநீர் (உடல் திசுக்களிலிருந்து வடியும் நீர்) கையில் தேங்குவது. நீர் பிரியும் மாத்திரை இதற்கு உதவாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இதில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள் என்று ஒரு சகோதரி எழுதியதுதான் கைகொடுத்தது. மூன்று வாரம் மென்மையான நீவலும் பல அடுக்குக் கட்டும். பிறகு கைக்கு அளவெடுத்த அழுத்த உறை. முழங்கைக்குக் கீழே மற்றக் கையைவிட 4 செ.மீ. கூடுதலாக இருந்த சுற்றளவு இப்போது 1.5 செ.மீ.தான் கூடுதல். முழுதாகப் போகாது, பகலெல்லாம் உறை அணிந்தே ஆகவேண்டும்.

எதிர்பாராதது ஒன்று நடந்தது. வாழைக்காய் நறுக்கும்போது அரிவாள்மனையில் இடது கை விரல் கீறிவிட்டது. சின்னக் கீறல்தான். மறுநாள் கை முழுக்கச் சிவந்து, சூடேறி, குளிர்காய்ச்சல். தோலில் தொற்று! ஆன்டிபயாடிக் கொடுத்து, சிவப்பு அடங்கும்வரை உறையைக் கழற்றி வைக்கச் சொன்னார்கள். உங்களுக்கு இப்படி வந்தால் தயவுசெய்து அன்றே மருத்துவரிடம் போங்கள்.

பாரம் தூக்கினால் கை வீங்கிவிடும் என்று, தண்ணீர்க் குடத்தைக்கூடத் தொடாமல் நான்கு ஆண்டுகள் பயந்திருந்தேன். இப்போது பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில், உறையுடன், அரைக் கிலோவில் தொடங்கி 2 கிலோ வரை தூக்குகிறேன். வீக்கம் கூடவில்லை.