ஜாம்பி பாட்டுதான் கிரான்பெரீஸை கெடுத்துச்சா?

கேசட்குமார்:
அடிக்க வராதீங்க, ரொம்ப நாளா மனசுல இருக்கறத கொட்டிடறேன். கிரான்பெரீஸ்ங்கற ஐரிஷ் ராக் பேண்டு பேரை சொன்னாலே எல்லாரும் ஜாம்பி ஜாம்பின்னு குதிக்கிறாங்க, என்னைக் கேட்டா அந்த பேண்டை கெடுத்ததே அந்த பாட்டுதான். 1993ல வந்த முதல் ஆல்பத்தை ஒரு தடவ ஹெட்போன் போட்டு கேளுங்க. அதுல லிங்கர்ங்கற பாட்டுல கிட்டார் சும்மா வருடிட்டு போகும், பின்னாடி வயலின் எல்லாம் வந்து சேரும், பாடகி டொலோரஸ் வார்த்தையே இல்லாம முணுமுணுத்துட்டு வருவாங்க, பாட்டு எப்போ ஆரம்பிச்சுதுன்னே தெரியாது. அப்படி இருந்தவங்க அடுத்த வருசமே ஜாம்பில கிட்டாரை கரகரன்னு ஆக்கற டிஸ்டார்ஷனை முறுக்கி கத்த ஆரம்பிச்சாங்க, அதுக்கப்புறம் 1996ல வந்த மூணாவது ஆல்பத்தை முழுசா கேட்டவங்க இங்க எத்தன பேர் இருக்கீங்க, கைய தூக்குங்க பாப்போம்.

ஒத்தத்தந்தி:
கைய தூக்கிட்டேன். முழுசா கேட்டேன், ரெண்டு தடவ. ஆனா குமாரு, நீங்க கொலைய ஒருத்தர் பண்ணிருக்க வேற ஒருத்தரை பிடிச்சு உள்ள போடறீங்க. முதல் ரெண்டு ஆல்பத்துக்கும் புரொட்யூசர் ஒரே ஆளு, ஸ்டீபன் ஸ்ட்ரீட், ஸ்மித்ஸ்ங்கற பிரிட்டிஷ் பேண்டு கூட வேல பாத்தவர். ஜாம்பி இருக்கற அதே 1994 ஆல்பத்துலதான் ஓட் டு மை ஃபேமிலியும் இருக்கு, அது என்ன கத்தலா? மூணாவதுக்குதான் புரூஸ் ஃபேர்பர்ன்கிட்ட போனாங்க, ஏரோஸ்மித், பான் ஜோவி மாதிரி அதிரடி ராக் பேண்டுக்கெல்லாம் ஆல்பம் பண்ணவர். சாம்பாருக்கு பிரியாணி மாஸ்டரை கூப்ட்டா அவரு பட்டை கிராம்பு போடாம என்ன பண்ணுவாரு.

கேசட்குமார்:
சரி, மாஸ்டரை கூப்ட்டது யாரு? ஜாம்பி ஹிட் ஆகலன்னா கூப்ட்டிருப்பாங்களா? அதான் என் பாயிண்ட்டே.

ஈரச்சாலை:
நடுவுல வரேன் மன்னிச்சுக்கோங்க. இவங்க கதைய முதல்லேர்ந்து பாத்தா "அமைதியான பேண்டு திடீர்னு மாறிடுச்சு"ங்கறதே சரியில்ல. 1989ல அயர்லாந்துல லிமரிக் ஊர்ல நோயல், மைக்னு ஹோகன் அண்ணன் தம்பி ரெண்டு பேரும், ட்ரம்ஸ்க்கு ஃபெர்கல் லாலரும், பாட நயல் குவின்னு ஒருத்தரும் சேர்ந்து ஆரம்பிச்சது. குவின் கிளம்பினதும் 1990ல டொலோரஸ் ஆடிஷனுக்கு வந்தாங்க. நோயல் போட்டு வச்சிருந்த டியூனை கேசட்ல வாங்கிட்டு போய் அதுக்கு வரி எழுதிட்டு வந்தாங்க, அதுதான் லிங்கர். 1991ல வந்த ஈபி, அதாவது சில பாட்டு மட்டும் இருக்கற சின்ன ரெக்கார்டு, ஊத்திக்கிச்சு, பிரிட்டிஷ் பத்திரிகைகள் கிழிச்சு தொங்க விட்டுட்டாங்க. முதல் ஆல்பமே வந்த புதுசுல அங்க யாரும் கண்டுக்கல, அமெரிக்கால ஸ்வேட் பேண்டுக்கு முன்னாடி வாசிக்கப் போனப்ப எம்டிவி லிங்கரை பிடிச்சுக்கிச்சு, அப்புறம்தான் 1994ல பிரிட்டன்ல நம்பர் ஒன். ஜாம்பியை இந்த ஓட்டத்துக்கு நடுவுலயே எழுதி, ஆல்பம் வர்றதுக்கு முன்னாடியே மேடைல வாசிச்சுட்டு இருந்தாங்க. ஹிட்டுக்காக பிளான் பண்ணி செஞ்சது இல்ல அது.

ஒத்தத்தந்தி:
ஈரச்சாலை சொன்னதுக்கு மேல ஒண்ணு. 1993 மார்ச்ல இங்கிலாந்துல வாரிங்டன் ஊர்ல, பிரிட்டிஷ் ஆட்சிய எதிர்த்து ஆயுதம் எடுத்த ஐரிஷ் அமைப்பு ஐஆர்ஏ வச்ச குண்டு வெடிச்சு ரெண்டு பசங்க செத்துப்போனாங்க, ஒருத்தனுக்கு 3 வயசு, இன்னொருத்தனுக்கு 12. அந்த கோவத்துல எழுதின பாட்டு ஜாம்பி. டொலோரஸே ஃபெர்கல்கிட்ட ட்ரம்ஸை நல்லா பலமா அடின்னு சொல்லிருக்காங்க. பாட்டு முழுக்க நாலே கிட்டார் கார்டு (chord), ஈ மைனர், சி, ஜி, டி, நேத்து கிட்டார் வாங்கினவன்கூட வாசிப்பான். ஆனா கோரஸ்ல அந்த குரல் ஒடஞ்சு ஒடஞ்சு மேல போகுதே, அத வாசிச்சு காட்டுங்க பாப்போம். அயர்லாந்துலயும் சாவு வீட்ல ஒப்பாரி வைக்கிற பழக்கம் இருந்துச்சு, எனக்கு அதான் காதுல கேக்குது. ஒப்பாரிய போய் மெதுவா வைங்கன்னு சொல்றீங்க குமாரு.

டப்ளின்வாசி:
நான் இங்க டப்ளின்ல இருக்கேன், அதனால ஒரு கொசுறு. 2023 ரக்பி உலகக் கோப்பைல பாரிஸ்ல அயர்லாந்து 13க்கு 8ன்னு தென்னாப்பிரிக்காவ ஜெயிச்சப்ப மொத்த ஸ்டேடியமும் ஜாம்பிதான் பாடுச்சு. நான் பப்ல பாத்துட்டு இருந்தேன், பக்கத்துல ஒரு தாத்தா பியர் கிளாஸை வச்சுட்டு கண்ண மூடி பாடறாரு. ஆனா மறுநாளே சண்டை. வடக்கு அயர்லாந்து ஆளுங்க சில பேரு, இது ஐஆர்ஏவ மட்டும் திட்டற பாட்டு, பிரிட்டிஷ் ராணுவம் கொன்னதுக்கெல்லாம் யாரு பாடறதுன்னு கேட்டாங்க. அந்த கேள்விலயும் நியாயம் இருக்குன்னுதான் தோணுது.

கேசட்குமார்:
பாத்தீங்களா, குழந்தைங்க செத்த பாட்டை மேட்ச் ஜெயிச்சதுக்கு பாடறாங்க. எனக்கு அது ஒட்டல. 2018ல லிமரிக் ஹர்லிங் (மட்டையும் பந்தும் வச்சு ஆடற ஐரிஷ் ஆட்டம்) டீம் 45 வருசம் கழிச்சு கோப்பை வாங்கினப்ப இவங்களோட ட்ரீம்ஸ் பாட்டை போட்டாங்களே, அது பொருத்தம். டொலோரஸ் அந்த வருசம் ஜனவரிலதான் போய் சேர்ந்தாங்க, 46 வயசு. ஊரே அழுதிருக்கும்.

ஈரச்சாலை:
குமார், ஊர்ல மக்கள் எந்த பாட்டை எடுத்துப்பாங்கன்னு நீங்களும் நானும் முடிவு பண்ண முடியாது. என் வருத்தம் வேற. 1996ல உடம்பு மனசு ரெண்டும் ஓய்ஞ்சு போய் டூரை பாதில நிறுத்தினாங்க. மூணு வருசத்துல மூணு ஆல்பம், அதுக்கு நடுவுல உலகம் பூரா சுத்தல், 24 வயசு பொண்ணு எவ்ளோதான் தாங்கும்? மூணாவது ஆல்பம் சொதப்பினதுக்கு ஜாம்பிய விட இந்த அலைச்சல்தான் காரணம்னு நினைக்கிறேன். பாஸ்னியா போர், ஜான் லெனான் கொலைன்னு பெரிய பெரிய விசயத்தை எல்லாம் அவசரத்துல தொட்டுட்டு போயிருப்பாங்க, எதுலயும் நிக்கல.

ஒத்தத்தந்தி:
இத ஒத்துக்கறேன். அப்புறம் 2003ல பிரிஞ்சு, 2009ல சேர்ந்து, 2012ல ரோசஸ்னு ஒரு ஆல்பம். கடைசியா 2019ல இன் த எண்ட் ஆல்பம். டொலோரஸ் இறக்கறதுக்கு முன்னாடி டெமோவா பாடி வச்சிருந்த குரலை எடுத்து, குடும்பத்துகிட்ட சம்மதம் வாங்கி, மறுபடி அதே ஸ்டீபன் ஸ்ட்ரீட்டை கூப்ட்டு மீதி மூணு பேரும் வாசிச்சு முடிச்சாங்க. கிராமி நாமினேசன் வந்துச்சு. அதுல கத்தல் கம்மி, குமாருக்கு பிடிக்கும். கேட்டீங்களா?

கேசட்குமார்:
இல்ல. செத்தவங்க டெமோவ எடுத்து ஆல்பம் போட்டா காசுக்குன்னு நினைச்சு தள்ளி வச்சுட்டேன். இப்ப கேக்கறேன் இருங்க.

கேசட்குமார்:
கேட்டேன். முதல் பாட்டு ஆல் ஓவர் நவ்லயே கிட்டார் பழைய நோயல் மாதிரி இருக்கு. பாதில நிறுத்திட்டு டீ போட்டு வந்து மறுபடி கேட்டேன். சரி, தப்பா நினைச்சுட்டேன், ஆனா 1996 ஆல்பம் பத்தி சொன்னதுல ஒரு எழுத்து கூட மாத்த மாட்டேன்.

ஒத்தத்தந்தி:
யாரு மாத்த சொன்னா. அதுல வென் யூ ஆர் கான் மட்டும் விட்டுருங்க, எங்க வீட்டம்மாவுக்கு பிடிச்ச பாட்டு.