கணினியையே அறைச் சூடேற்றியாகப் பயன்படுத்தலாமா?

கேள்வி:
குளிர்காலத்தில் நான் வேலை செய்யும் சிறிய அறைக்கு 1,500 வாட் மின்சூடேற்றி ஒன்றை வைத்திருக்கிறேன். அதே அறையில், முழுப் பளுவில் 400 வாட் வரை இழுக்கும் மேசைக்கணினியும் உள்ளது. அதில் ஃபோல்டிங்@ஹோம் (புரதங்களை ஆராய, பொதுமக்கள் தங்கள் கணினித் திறனை இணையம் வழியே தந்துதவும் திட்டம்) தரும் ஆய்வுக் கணக்குகளை ஓடவிட்டு, அறை 20 டிகிரியைத் தொட்டதும் தானாக நிற்கும்படி செய்ய முடியுமா? அதே மின்சாரத்துக்குச் சூடேற்றியைவிட வெப்பம் குறைவாகக் கிடைக்குமோ என்று தயங்குகிறேன்.

மறுமொழி 1:
குறையாது. செயலியும் வரைகலை அட்டையும் எடுத்துக்கொள்ளும் மின்சாரம், மின்வழங்கியில் வீணாவதாகச் சொல்லப்படும் பகுதி, விசிறி கிளப்பும் காற்றின் அசைவு ஆகிய எல்லாமே கடைசியில் அந்த அறையின் வெப்பமாகத்தான் முடிகின்றன. ஆகவே 400 வாட் கணினி 400 வாட் சூடேற்றிதான். கதவை மூடி வைத்த சிறிய அறைக்கு அது பெரும்பாலும் போதும். கடுங்குளிரில் உங்கள் பழைய சூடேற்றியும் துணைக்கு வேண்டியிருக்கும்.

மறுமொழி 2:
இரண்டு குளிர்காலமாக இப்படித்தான் செய்து வருகிறேன். செயலியின் வெப்பநிலையை வைத்துக் கட்டுப்படுத்த வேண்டாம். பளு ஏறிய சில நொடிகளிலேயே அது 70 டிகிரிக்குப் போய்விடும், அறையைப் பற்றி எதுவும் சொல்லாது. டிஎஸ்18பி20 என்னும் வெப்பநிலை உணரி ஒன்றை ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியுடன் இணைத்தேன். முதலில் அதைக் கணினிப் பெட்டியின் பின்புறம் ஒட்டிவிட்டதால், வெளியேறும் சூடான காற்று பட்டு, என் விரல்கள் விறைத்திருந்தபோதே அறை 27 டிகிரி என்று காட்டியது. எதிர்ச் சுவரில், உட்கார்ந்தால் நெஞ்சளவு வரும் உயரத்தில் மாட்டிய பிறகே சரியானது. 19.5 டிகிரியில் தொடங்கி 20.5 டிகிரியில் நிற்கும்படி இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி நின்று கொண்டிருக்கும், அப்படி அடிக்கடி சூடாகி ஆறுவது மின்சுற்றுப் பலகையிலுள்ள பற்றவைப்புகளுக்கு நல்லதன்று. முற்றிலும் நிறுத்துவதைவிட, வரைகலை அட்டையின் மின்வரம்பைப் படிப்படியாகக் குறைப்பது இன்னும் நல்லது என்பது என் கருத்து.

மறுமொழி 3:
வீட்டில் ஹீட் பம்ப் இருந்தால் கணக்கு மாறிவிடும். அது வெளியிலுள்ள வெப்பத்தை உள்ளே கொண்டுவருவதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் மூன்று யூனிட் வெப்பம் தரும். கணினி ஒன்றுக்கு ஒன்றுதான் தரும். மின்சூடேற்றிக்கு மாற்றாக மட்டுமே இது பொருந்தும்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. என்னிடம் ஹீட் பம்ப் இல்லை. உணரி வாங்கப் போகிறேன். வெயில் அடிக்கும் நாள்களில் கணக்கு நெடுநேரம் நின்றுபோனால் அந்த ஆய்வுக்குப் பாதகமா?

மறுமொழி 2:
ஃபோல்டிங்@ஹோம் திட்டத்தார் அனுப்பும் ஒவ்வொரு கணக்குப் பணிக்கும் கெடு உண்டு. தவறினால் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள், நீங்கள் போட்ட கணக்கு வீணாகும். வெயில் வருமென்று தெரிந்தால், கையிலுள்ள பணியை மட்டும் முடித்துவிட்டு நிற்கச் சொல்லும் வசதி அந்த மென்பொருளிலேயே இருக்கிறது. முந்தைய இரவே அதை அழுத்திவிடுங்கள்.