ஊர், பாட்டு, நாடகம், இசைக்குழு: எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் என்றால் எப்படிப் பிரிப்பது?

கேள்வி: இசைத்தட்டுப்பிரியன்

வணக்கம். பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த மேற்கத்தியப் பாடல்களை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தேன், பெயர்களிலேயே சிக்கிக்கொண்டேன். 'நிர்வாணா' என்ற கோப்புறையில், 1968ஆம் ஆண்டின் 'ரெயின்போ சேசர்' மிதந்து மிதந்து முடிந்த மறுநொடியே 1991இன் 'நெவர்மைண்ட்' தொகுப்பிலுள்ள கிட்டார் காதைப் பிளக்கிறது. முன்னது லண்டனில் 1960களில் இயங்கிய குழு, பின்னது 1987இல் அமெரிக்காவில் உருவான குழு. ஆனால் நான் பயன்படுத்தும் செயலி இரண்டையும் ஒரே குழுவாகக் கருதி, ஒரே படத்தையும் ஒட்டி வைத்திருக்கிறது.

'சிகாகோ' என்று தேடினால் நிலைமை இன்னும் மோசம். 1922இல் எழுதப்பட்ட ஒரு பாட்டு, 1975இல் மேடையேறிய இசைநாடகம், அதிலிருந்து 2002இல் வந்த திரைப்படத்தின் பாடல்கள், ஊதுகருவிகளுக்குப் பேர்போன ராக் குழு என்று எல்லாம் ஒன்றாக வந்து நிற்கின்றன. என் ஐயங்கள் இரண்டு. இப்படிப் பெயர் வைப்பதை யாரும் தடுப்பதில்லையா? இவற்றைப் பிரித்து அடுக்குவதற்கு முறை ஏதும் உண்டா?

மறுமொழி 1: கொம்பிசை

நண்பரே, சிகாகோ குழுவின் கதையிலேயே உங்கள் முதல் ஐயத்துக்குப் பாதி விடை இருக்கிறது. 1969இல் அவர்களுடைய முதல் இசைத்தட்டு வந்தபோது குழுவின் பெயர் 'சிகாகோ டிரான்சிட் அத்தாரிட்டி', அதாவது அந்நகரத்தின் பேருந்துகளையும் ரயில்களையும் இயக்கும் அமைப்பின் பெயர் அப்படியே. அந்த அமைப்பு வழக்குத் தொடரப்போவதாக எச்சரித்ததும் பின்னிரண்டு சொற்களையும் வெட்டிவிட்டு வெறும் 'சிகாகோ' ஆனார்கள். போக்குவரத்து அமைப்பின் பெயரைக் கேட்க ஆள் இருந்தது. ஊரின் பெயரைக் கேட்க ஆள் வரவில்லை.

அந்த இசைநாடகத்துக்கு மூலம் 1926ஆம் ஆண்டின் ஒரு நாடகம். அதை எழுதியவர் மோரின் டாலஸ் வாட்கின்ஸ் என்ற செய்தியாளர். சிகாகோவை எழுதியவரின் பெயருக்கு நடுவிலேயே இன்னொரு நகரம் உட்கார்ந்திருப்பதை எப்போது படித்தாலும் எனக்குச் சிரிப்பு வரும்.

பாஸ்டன், கான்சஸ், அலபாமா என்ற குழுக்களும் இதே வகைதான். தமிழில் இதற்கு இடவாகுபெயர் என்று அழகான பெயரே உண்டு.

மறுமொழி 2: நிகண்டுவாசி

கொம்பிசை அவர்கள் கூறிய செய்திகள் சரியானவை. இலக்கணத்தில் மட்டும் சிறிது மாறுபடுகிறேன். 'உலகம் வியந்தது' என்னும்போது உலகம் என்ற சொல், தன் பொருளோடு தொடர்புடைய மக்களுக்கு ஆகிவருகிறது. அதனால் அது ஆகுபெயர். கான்சஸ் குழுவினர் அம்மாநிலத் தலைநகரான டொபீகாவிலிருந்து வந்தவர்கள், ஆகவே அங்கே நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1982இல் முதல் இசைத்தட்டை வெளியிட்ட 'ஏஷியா' குழுவில் இருந்த நால்வரும் பிரித்தானியர்கள். 'ஜப்பான்' லண்டன் குழு. 'பெர்லின்' லாஸ் ஏஞ்சலிஸ் குழு. இவற்றில் இடத்துக்கும் குழுவுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஒலி பிடித்திருந்ததால் எடுத்து வைத்துக்கொண்ட பெயர்கள். இவற்றை இடுகுறிப்பெயர் என்றும், கான்சஸ் போன்றவற்றைக் காரணப்பெயர் என்றும் பிரிப்பதே பொருந்தும் என்று நினைக்கிறேன்.

இடையில் நிற்கும் ஒரு குழுவும் உண்டு. 'அமெரிக்கா' லண்டனில் தொடங்கப்பட்டது. ஆனால் தொடங்கிய மூவரின் தந்தையரும் பிரித்தானியாவில் பணியமர்த்தப்பட்டிருந்த அமெரிக்க விமானப்படையினர். ஊரைவிட்டு வெளியே இருப்பவர்களுக்குத்தான் ஊர்ப்பெயர் அடையாளமாகப் பயன்படும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

தடுப்பார் இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். தலைப்புக்கும் பெயருக்கும் பொதுவாகப் பதிப்புரிமை கிடையாது. ஆகவே ஒரே தலைப்பில் எத்தனை பாடல்களும் வரலாம். இசைக்குழுவின் பெயர் வணிகக்குறி ஆகும்போதுதான் சிக்கல் எழுகிறது. இரண்டு நிர்வாணாக்களும் நீதிமன்றத்துக்கு வெளியே உடன்பாடு செய்துகொண்டு, இருவருமே பெயரை வைத்துக்கொண்டார்கள். 'ஸ்வேட்' என்ற ஆங்கிலேயக் குழுவுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. அமெரிக்காவில் அதே பெயரில் ஒரு பாடகி இருந்ததால், அங்கு மட்டும் அவர்களுடைய இசைத்தட்டுகள் 'தி லண்டன் ஸ்வேட்' என்ற பெயரில் விற்பனையாயின. எனவே உங்கள் தொகுப்பில் ஒரே குழு இரண்டு பெயர்களில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

மறுமொழி 3: திசைமாறி

எல்லோரும் ஊரிலிருந்து இசைக்குப் போன பெயர்களையே பேசுகிறீர்கள். எதிர்த்திசையிலும் பெயர்கள் போயிருக்கின்றன. அமெரிக்காவில் 'ட்ரூத் ஆர் கான்சிக்வென்சஸ்' என்ற வானொலி வினாடிவினா நிகழ்ச்சி 1940இல் தொடங்கியது. பத்தாம் ஆண்டு நிறைவை ஒட்டி, எந்த ஊர் தன் பெயரை நிகழ்ச்சியின் பெயராக மாற்றிக்கொள்கிறதோ அங்கிருந்து ஒலிபரப்புவோம் என்று அதை நடத்திய ரால்ஃப் எட்வர்ட்ஸ் அறிவித்தார். நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஹாட் ஸ்பிரிங்ஸ், அதாவது வெந்நீரூற்று, என்றிருந்த ஊர் 1950இல் உண்மையாகவே பெயரை மாற்றிக்கொண்டது. நிகழ்ச்சி நின்று போனது. ஊர் அந்தப் பெயரை இன்றும் சுமக்கிறது.

பெயர் சுற்றிவருவதும் உண்டு. லிவர்பூலில் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்' என்பது சால்வேஷன் ஆர்மி நடத்திய குழந்தைகள் இல்லம். சிறுவயதில் ஜான் லெனன் அதன் தோட்டத்தில் விளையாடியிருக்கிறார். 1967இல் அது பீட்டில்ஸின் பாட்டாயிற்று, ஒரு 'ஸ்' கூடுதலாக. லெனன் இறந்தபின் 1985இல் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் அவருடைய நினைவிடத்துக்குப் பாட்டின் பெயரையே சூட்டினார்கள். அங்கே தரையில் பதித்த கருப்பு வெள்ளை வட்டத்தின் நடுவில் எழுதியிருப்பதோ அவருடைய இன்னொரு பாட்டின் பெயர்: 'இமாஜின்'. நினைவிடத்துக்கு ஒரு பாட்டின் பெயர், அதன் நடுவில் வேறொரு பாட்டின் பெயர்; இதை உங்கள் செயலி எப்படிப் பிரிக்கும் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

அடுக்கும் முறையைப் பற்றிச் சுருக்கமாக: விக்கிப்பீடியாவில் 'பக்கவழி நெறிப்படுத்தல்' என்று செய்வதுபோல, பெயருக்குப் பின் அடைப்புக்குறியில் வகையையும் நாட்டையும் எழுதுங்கள். மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற திறந்த தரவுத்தளம் ஒவ்வொரு கலைஞருக்கும் தனித்த குறியெண் தருகிறது. அதைக் கோப்பிலேயே பதித்துவிட்டால் பெயர் ஒன்றாக இருந்தாலும் கலக்காது.

மறுமொழி 4: இசைத்தட்டுப்பிரியன்

மூவருக்கும் நன்றி. நிர்வாணா இரண்டையும் குறியெண்ணை வைத்துப் பிரித்துவிட்டேன், படமும் மாறிவிட்டது. தேடிப் பார்த்ததில் 'தி லண்டன் ஸ்வேட்' என்று ஒரு குறுந்தகடும் என்னிடமே கிடந்தது. இத்தனை நாளும் அதை வேறு யாரோ என்று நினைத்து ஒதுக்கிவைத்திருந்தேன்.

'பிளாக் சப்பாத்' பாடலைத்தான் மூன்று முறை திருத்தினேன். பாட்டின் பெயர், இசைத்தட்டின் பெயர், குழுவின் பெயர் என்று மூன்று கட்டங்களிலும் ஒரே சொல் நின்றதால் செயலிதான் மறுபடியும் குழப்பிவிட்டது என்று எண்ணி அழித்து அழித்து எழுதினேன். பிறகுதான் விவரம் புரிந்தது. 'எர்த்' என்று இயங்கிய அக்குழு, அதே பெயரில் வேறொரு குழு இருந்ததால், 1963ஆம் ஆண்டின் திகில் படமொன்றின் பெயரை எடுத்துக்கொண்டது. 1970இல் வந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டுக்கும் அதன் முதல் பாட்டுக்கும் அதே பெயர்தான். செயலி சரியாகச் செய்திருந்த அந்த ஓரிடத்தையும் கெடுத்தவன் நான். இப்போது மீட்டு வைத்துவிட்டேன்.