மேற்குப் பார்த்த அறை: ஏர்கானை மாற்றினால் கரண்ட் பில் குறையுமா?

சிங்கப்பூர் யீஷூனில் 11ஆம் மாடி, நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. அம்மா படுக்கும் அறையின் ஜன்னல் மேற்குப் பார்த்தது. இரவு ஒன்பது மணிக்குச் சுவரைத் தொட்டால் காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி சுடுகிறது. ஏர்கானை 22இல் வைத்தாலும் அறை குளிர நள்ளிரவாகிவிடுகிறது, கம்ப்ரசர் ஓய்வதே இல்லை. போன மாத பில் 240 வெள்ளி. பார்க்க வந்தவர் மூன்று அறைக்கும் புது ஏர்கான் போடச் சொல்கிறார். அதற்கு முன் குறைந்த செலவில் ஏதாவது செய்ய முடியுமா? அம்மாவுக்கு எழுபது வயது, புழுக்கம் தாங்கமாட்டார்.

பதில் 1
தம்பி, அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். எங்கள் வீடும் மேற்குதான். வெயில் உள்ளே வந்தபிறகு குளிரவைக்கத்தான் செலவு அதிகம். திரைச்சீலை போட்டாலும் சூடு கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிடுகிறதே! கண்ணாடியில் வெப்பத் தடுப்புப் படலம் ஒட்டுங்கள். கறுப்பாக இருந்தால் நல்லது என்று நினைக்க வேண்டாம். மொத்த வெயில் சூட்டில் எத்தனை விழுக்காட்டைத் தடுக்கும் என்று கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், ஏர்கான் ஓடும்போது அறைக்கதவின் அடியில் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை எந்தப் பக்கம் போகிறது?

பதில் 2
ஏர்கான் வேலை பார்ப்பவன் என்பதால் சொல்கிறேன். முதலில் ஃபில்டரைக் கழுவுங்கள், கேஸ் கசிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். 25இல் வைத்துக் கூடவே மின்விசிறியைப் போட்டால் அம்மாவுக்குப் போதும். மாற்றத்தான் வேண்டுமென்றால் மின்சிக்கன லேபிளில் ஐந்து டிக் உள்ளதாக வாங்குங்கள். வீவக குடும்பங்களுக்கு 2024இல் 300 வெள்ளி, 2025இல் மேலும் 100 வெள்ளி என, இப்படிப்பட்ட மின்சிக்கனப் பொருள் வாங்க அரசாங்கம் பருவநிலைப் பற்றுச்சீட்டு கொடுத்தது. வீட்டில் ஒரு சிங்கப்பூரராவது இருக்க வேண்டும். 2027 டிசம்பர் 31 வரை செல்லும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் டிசி மின்விசிறி, எல்இடி விளக்குக்கும் பயன்படுத்தலாம்.

கேட்டவர்
அக்கா, புகை கதவடியில் நேராக ஹாலுக்கு ஓடியது! விரல் நுழையும் இடைவெளி. இத்தனை நாள் ஹாலையும் சேர்த்துக் குளிரவைத்திருக்கிறோம். ரப்பர் பட்டை ஒட்டிவிட்டேன். ஃபில்டரில் கம்பளி மாதிரி தூசி, அதையும் கழுவியாயிற்று. நேற்று பதினொரு மணிக்கே கம்ப்ரசர் அடங்கியது. படலம் ஒட்ட சனிக்கிழமை ஆள் வருகிறார். ஆனால் சுவர்ச் சூடு மட்டும் அப்படியே இருக்கிறது.

பதில் 1
சுவர் பகல் முழுக்கக் குடித்த சூடு, இரவில்தான் கக்கும். இப்போதைக்கு அம்மாவின் கட்டிலை அந்தச் சுவரிலிருந்து எதிர்ப்பக்கம் நகர்த்திப் போடுங்கள் தம்பி.